கால் எட்டாத நாற்காலி

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 152 செ.மீ. ஈரோட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாக அடிமுதுகில் வலி. மதியத்துக்கு மேல் கூடுகிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் தணிகிறது. காலுக்கு இறங்கவில்லை. நான் கூன் போட்டு உட்காருவதாக எல்லோரும் கடிந்துகொள்கிறார்கள். நாற்காலியின் சக்கரக் கால்கள் மீது பாதங்களை வைத்துக்கொண்டால்தான் சற்று வசதியாக இருக்கிறது. 18,000 ரூபாய் விலையுள்ள 'ஆர்த்தோ' நாற்காலி வாங்கலாமா?

பதில்: சக்கரக் கால்கள் மீது பாதங்களை வைத்துக்கொள்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். தரை எட்டாததால்தான் பாதங்கள் அங்கே இடம் தேடுகின்றன. உங்கள் உயரத்தில் உள்ளவருக்கு முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை, காலணியோடு சேர்த்து ஏறத்தாழ 40 செ.மீ. இருக்கும், அலுவலக நாற்காலிகள் பலவும் அந்த அளவுக்குத் தாழ்வதில்லை. இருக்கையின் ஆழமும் உங்களுக்கு அதிகமாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நாற்காலியில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் விளிம்பு கெண்டைக்காலை அழுத்தும். அதைத் தவிர்க்க முன்நுனிக்கு நகர்ந்தால் முதுகு சாய்மானத்தை இழந்து வளையும். ஆகவே, கூன் உங்கள் சோம்பலால் வந்தது என்று நான் கருதவில்லை.

நாளை அலுவலகத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் நன்றாகப் படியும்படி உட்கார்ந்து, இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்களை நுழையுங்கள். நுழையவில்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்த நாற்காலி உங்களுக்கானதன்று.

மேசையையும் மறந்துவிட வேண்டாம். நம் அலுவலக மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரமுள்ளவை. கால் தரையைத் தொடும்படி நாற்காலியைத் தாழ்த்தினால் தோள்களைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய நேரிடும். பிறகு கழுத்து வலிக்கும். எனவே முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்திவிட்டு, தொங்கும் பாதங்களுக்குக் கீழே சரிவான பலகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 10 முதல் 12 செ.மீ. உயரம் போதும், தச்சரிடம் சொன்னால் சில நூறு ரூபாயில் செய்து தருவார். சாய்மானத்துக்கும் இடுப்புக்கும் இடையே, இடுப்புப் பட்டைக்குச் சற்று மேலே, ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். இருக்கையின் ஆழத்தையும் அது சிறிது குறைக்கும். மூன்று வாரம் இவற்றைச் செய்து பார்த்த பிறகு நாற்காலியைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதானால், 'ஆர்த்தோ' என்ற சொல்லுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அது விற்பவர் ஒட்டும் பெயரே தவிர, மருத்துவச் சான்று அன்று. ஆழத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இருக்கை, உயரம் மாற்றக்கூடிய இடுப்புத் தாங்கி, மேசைக்கு அடியில் நுழையும் அளவுக்குத் தாழும் கைப்பிடி, பின்னோக்கிச் சாயும் முதுகுப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். தலையணை வைத்த பந்தயக் கார் பாணி நாற்காலிகள் கண்ணுக்கு அழகுதான். உங்கள் உயரத்துக்கு அவற்றின் கழுத்துத் தாங்கி பெரும்பாலும் பின்மண்டையில் போய் முட்டும்.

விறைப்பாக 90 பாகையில் உட்கார வேண்டும் என்பதும் பழைய பாடம். சாய்மானத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்தால் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டுகளின் அழுத்தம் குறைவதை ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் நாகெம்சனின் குழுவினர் 1970-களிலேயே அளந்து காட்டினர். நிற்பதைவிட உட்காருவதே வட்டுகளுக்குக் கூடுதல் சுமை என்ற அவர்களுடைய மற்றொரு முடிவு, ஜெர்மனியின் உல்ம் நகரில் 1999-இல் வெளியான அளவீட்டில் அப்படியே உறுதிப்படவில்லை. பின்னது ஒரே ஒருவரிடம் எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். வளர்ந்தவர்களின் வட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தையே அவை நம்பியிருக்கின்றன. தசைகளோ ஒரே நிலையில் இருந்தால் களைத்துப்போகும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கவோ கோப்பு எடுக்கவோ நடந்து வாருங்கள்.

உங்கள் வலியின் போக்கு அச்சமூட்டுவதாக இல்லை. ஆனாலும் ஆறு மாதம் நீடித்திருப்பதால் ஒருமுறை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு இறுகியிருந்து நடமாடினால் தளர்கிறதா என்பதை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அது மூட்டழற்சியின் அடையாளமாக இருக்கலாம். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் வராமல் தடைபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.