பதினைந்து நிமிடம் ஒரே ஆள் ஊதுவதில் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜோன் கோல்ட்ரேனைப் பற்றியவை. 1967 ஜூலை 17இல், 40 வயதில் மறைந்த அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். அவருடைய மேடைப் பதிவுகளுக்கு வன்னியில் இவ்வளவு பேர் காது கொடுத்திருக்கிறார்கள் என்பது சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி இருக்கிறோம்.

மேடைக் கச்சேரியைத்தான் கேட்கவேண்டும் என்று கோல்ட்ரேன் ரசிகர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டால் மூன்றாம் நிமிடத்திலேயே எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போகிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? (கிளிநொச்சி)

தாளத்தை. திருவிழா மேளம் கேட்டு வளர்ந்தவருக்கு இது பெரிய வேலை அல்ல.

'இம்ப்ரெஷன்ஸ்' என்ற உருப்படியை எடுங்கள். 1961 நவம்பரில் நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலக்கீழ் விடுதியில் பதிவானது, ஏறத்தாழ 15 நிமிடம். அதன் ஒரு சுற்று 32 பார், ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஓட்டம் மிக வேகமாக இருப்பதால் தட்டுக்குத் தட்டு கை போட முடியாது. இரண்டு தட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். அப்போது ஒரு சுற்று சரியாக எட்டு ஆதிதாள ஆவர்த்தனம் வரும். முதல் நாலு ஆவர்த்தனமும் இரண்டு கட்டை ஆதாரத்தில் கரகரப்பிரியா ஸ்வரங்கள். அடுத்த இரண்டில் அதே ஸ்வரங்கள் அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிடும். கடைசி இரண்டில் மறுபடி இரண்டு கட்டை. பாட்டின் எலும்புக்கூடு இவ்வளவுதான். மற்றதெல்லாம் மனோதர்மம்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாலாவது ஆவர்த்தனம் முடிந்து ஐந்தாவது தொடங்கும்போது சுருதி அரைக் கட்டை ஏறுவதைத் தவறவிட்டால் பிறகு எல்லாம் சத்தமாகத்தான் கேட்கும். சாக்ஸபோனை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கோல்ட்ரேன் சில வேளை ஏற்றத்துக்கு முன்னாலேயே மேல் ஆதாரத்துக்குத் தாவிவிடுவார், சில வேளை இறங்கிய பிறகும் அங்கேயே தொங்குவார், இடையிடையே அந்நிய ஸ்வரங்களையும் வேண்டுமென்றே இழுத்து வருவார். கீழ் ஸ்தாயியில் நடக்கும் பாஸ் வாத்தியத்தை (ஆளுயர வயலின் போன்றது) பிடியுங்கள். தொடக்கத்தில் பியானோவும் உதவும். முதல் தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு பாஸோடு மட்டும் கை போடுங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது அவர் எங்கே தாவுகிறார் என்பது தானாகவே தெரியும்.

டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். நாலுக்குள் மூன்றை ஓடவிடுவது அவர் கைவந்த வித்தை, உங்கள் கையைக் குழப்பப் பார்ப்பார். தவில் தனியின்போது தாளம் போட்டுப் பழகிய கை என்றால் நின்றுபிடிக்கும்.

ஸ்டுடியோப் பதிவுதான் துப்புரவானது என்று ஒரு நண்பர், மேடைதான் உயிர் என்று இன்னொருவர். யார் சரி? (புதுக்குடியிருப்பு)

கோல்ட்ரேன் விஷயத்தில் மேடைக்காரர் பக்கம்தான் எங்கள் வாக்கு. 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் ஸ்டுடியோவில் பதிவானபோது சுமார் 33 நிமிடம். 1965 ஜூலையில் பிரான்சின் அன்டீப் விழாவில் அதையே முக்கால் மணிக்கு மேல் வாசித்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் சியாட்டிலில் ஒன்றேகால் மணி நேரம் போனது. இந்தச் சியாட்டில் பதிவு 2021இல்தான் வெளியானது. நேரம் நீண்டதால் மட்டும் உயர்ந்தது என்று சொல்லவரவில்லை. ஸ்டுடியோவில் சொல்லி முடித்த விஷயத்தை மேடையில் அவிழ்த்துப் பார்க்கிறார், அதுதான் வித்தியாசம்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க 'சேஸின் த ட்ரேன்' நல்லது. அதுவும் வான்கார்ட்தான், 16 நிமிடம். பியானோ வாயே திறக்காது. சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் மட்டும். 12 பார் சுற்றுள்ள புளூஸ் வடிவம் என்பதால் மேலே சொன்ன மாதிரிக் கை போட்டால் சுற்றுக்கு மூன்று ஆதி. முழுப்பாட்டு என்று ஒன்று கிடையாது. நாலைந்து ஸ்வரத் துணுக்கு ஒன்றை எடுப்பார், திருப்புவார், ஒரு ஸ்வரத்தை உதிர்ப்பார், அதே துணுக்கைத் தட்டுக்கு முன்னே ஒரு தரம், தட்டைத் தாண்டி ஒரு தரம் வைப்பார். சுற்று முடியும் இடத்தில் மூச்சு எடுக்காமல் அதன் மேலாலேயே நடந்துபோவார். ஸ்வரம் வைத்துப் பாடுபவர்கள் செய்கிற வேலைதான், தொண்டைக்குப் பதில் டெனர் சாக்ஸபோன். மேடையில் அசைந்து அசைந்து ஊதியவரை மைக்கோடு துரத்த வேண்டியிருந்ததால் பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டர் வைத்த பெயர் அது என்பார்கள்.

நான் நாதஸ்வரம் பழகுகிறேன். 'மை ஃபேவரிட் திங்ஸ்' கேட்டபோது நம் வாத்தியம் போலவே இருந்தது. காரணம் என்ன? (ஒட்டுசுட்டான்)

உங்கள் காது சரி. அதில் அவர் ஊதுவது சொப்ரானோ சாக்ஸபோன். நாதஸ்வரத்தைப் போல அதன் உட்துளையும் மேலே ஒடுங்கிக் கீழே அகன்று போகும். அப்படிப்பட்ட குழலில் அழுத்தி ஊதினால் அதே விரலில் மேல் ஸட்ஜம் பிறக்கும். கிளாரினெட்டின் துளை ஒரே அகலம், ஆகவே அது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவும். ஓசையின் நிறம் வேறுபடுவதற்கு இது பெரிய காரணம்.

வேறுபாடும் உண்டு. சீவாளியில் இரட்டை நாக்கு, சாக்ஸபோனில் ஊதுவாயோடு கட்டிய ஒற்றை நாணல். உங்கள் விரல் துளையை அரைவாசி மூடி வழுக்கலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது சாவியும் அதன் பஞ்சுமெத்தையும், விரலுக்கும் துளைக்கும் தொடர்பே இல்லை. கமகம் வேண்டுமானால் உதட்டிலும் தொண்டையிலும்தான் செய்யவேண்டும். 2019இல் மறைந்த கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸபோனில் அதைச் சாதித்துக் காட்டினார். கோல்ட்ரேன் அந்தப் பாதைக்குப் போகவில்லை. அவருக்கு வேகமும் ஓசையின் கனமும்தான் முக்கியம்.

1960 ஒக்டோபர் ஸ்டுடியோப் பதிவு 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மும்மூன்றாக எண்ணுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் முதற்படி.

1966 ஜப்பான் கச்சேரி ஒன்றில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' 57 நிமிடம். வெறும் கத்தலாகக் கேட்கிறதே? (வவுனியா)

அதை முதலில் கேட்டால் அப்படித்தான் கேட்கும். குழுவே மாறிவிட்டது. பியானோவில் மனைவி அலிஸ், டிரம்ஸில் ரஷீத் அலி, கூடவே டெனர் சாக்ஸபோனில் இன்னொருவர், ஃபேரோ சாண்டர்ஸ். பாட்டு வருமுன் ஜிம்மி கரிசனின் பாஸ் தனியாக நெடுநேரம் போகும். கை போட நிலையான தட்டும் கிடையாது. மேலே சொன்ன முறை இங்கே எடுபடாது.

கத்தல் என்று நீங்கள் சொல்வதில் பாதி, ஒரே விரலிடலில் அழுத்தத்தையும் தொண்டையையும் மாற்றி எழுப்பும் மேல் ஸ்வரங்கள். சில இடத்தில் ஒரே குழலில் இரண்டு ஸ்வரம் சேர்ந்து பிறக்கும். தெரியாமல் வரும் பிசிறு அல்ல, பழகிச் செய்வது. அதற்காக 57 நிமிடமும் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. எங்களில் சிலருக்கே இன்னும் பிடிபடவில்லை.

கோல்ட்ரேன் இந்திய இசை படித்தாரா? (மாங்குளம்)

ஆர்வத்தோடு கேட்டார், முறையாகக் குருகுலம் இருக்கவில்லை. பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்திருக்கிறார், 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். 1961இல் வான்கார்டில் வாசித்த 'இந்தியா'வில் ஆதார சுருதி அசையாமல் நிற்கும். எடுத்துக்கொண்டது அந்த நிலைச் சுருதியைத்தான், ராக லட்சணத்தை அல்ல. ராகம் தேடிக் கேட்டால் ஏமாற்றம்தான்.

எங்கள் கழகத்தில் ஜூலை 17 மாலை ஒலிப்பதிவு கேட்கும் கூட்டம் வைக்கப்போகிறோம். என்ன ஆயத்தம்? (மல்லாவி)

குழாய் ஒலிபெருக்கி வேண்டாம், பாஸ் அடியோடு போய்விடும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும். தரையில் வைக்காமல் மேசையில், இருப்பவர்களின் காது உயரத்துக்கு வையுங்கள். அக்கால ஸ்டீரியோப் பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும், ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால் ஒரு வாத்தியமே காணாமல் போகலாம். இயர்போனை இருவர் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தாலும் இதே கதைதான்.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள மண்டபத்தில் டிரம்ஸ் எதிரொலித்து மற்றதை விழுங்கும். தரை நிறையப் பாய் விரியுங்கள், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் தடித்த துணி தொங்கவிடுங்கள். ஆம்பில் பாஸ், ட்ரெபிள் திருகுகள் இரண்டும் நடுவில். பாஸ் வாத்தியத்தின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விளங்காவிட்டால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

இணையத்தை நம்பி நேரடியாகப் போடவேண்டாம். முதல்நாளே இறக்கிவையுங்கள். சாதாரணத் தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்.பி. போகும், முழு மாலைக்கும் 100 எம்.பி. தாண்டாது. போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், 'இம்ப்ரெஷன்ஸ்' நடுவில் யாராவது அழைத்தால் கூட்டம் கலைந்துவிடும்.

வரிசை: 'மை ஃபேவரிட் திங்ஸ்' ஸ்டுடியோப் பதிவு, 'இம்ப்ரெஷன்ஸ்', தேநீர், 'சேஸின் த ட்ரேன்', விருப்பமானால் அன்டீப்பில் ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் முன் இரண்டு நிமிடம் கை போட்டுக் காட்டுங்கள். உரை வேண்டாம்.

மகனுக்குப் பழைய ஆல்டோ சாக்ஸபோன் ஒன்று வாங்கினோம். சாவிகள் ஒட்டுகின்றன, நாணல் வளைகிறது, சுருதியும் ஏறி நிற்கிறது. கோல்ட்ரேனோடு சேர்ந்து ஊத ஆசைப்படுகிறான். (முல்லைத்தீவு)

ஒட்டுவது பெரும்பாலும் ஜி ஷார்ப் சாவியும் அடியில் உள்ள சி ஷார்ப், ஈ ஃபிளாட் சாவிகளும். மெல்லிய தாளை மெத்தைக்கும் துளைக்கும் இடையில் வைத்து, சாவியை மெதுவாக அழுத்தி, சில விநாடி ஈரம் உறிஞ்சவிடுங்கள். இழுத்துக் கிழிக்காதீர்கள். ஊதுமுன் தேநீரும் சோடாவும் குடிப்பதை நிறுத்தினாலே பாதி குணமாகும். கடற்காற்றில் உருக்கு வில்லுகள் துருப்பிடிக்கும். ஊதி முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைத்துவிட்டே பெட்டியை மூடவேண்டும். தண்டு மூட்டுகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி, மெத்தையில் படாமல். தேங்காயெண்ணெய் பிசினாகும். வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைத்தால் மெத்தையைப் பிடித்திருக்கும் பசை இளகி மெத்தையே கழன்று விழும்.

நாணல் 2 அல்லது 2½ எண்ணில், மூன்று நாலை மாறிமாறிப் பாவியுங்கள். ஊதுமுன் இரண்டு மூன்று நிமிடம் நல்ல தண்ணீரில், ஊதியபின் துடைத்துக் கண்ணாடித் துண்டில் தட்டையாக. ஊதுவாயிலேயே விட்டால் வளையும்.

சுருதி ஏறுவதற்கு வெக்கை காரணம். குழலுக்குள் உள்ள காற்று ஒரு பாகை சூடேறினால் அரை ஸ்வர இடைவெளியின் நூறில் மூன்று பங்கு சுருதி ஏறும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கியபின், ஊதுவாயைத் தக்கையிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராக வெளியே இழுத்துச் சுருதி சேருங்கள்.

'இம்ப்ரெஷன்ஸோடு' ஊத, ஆல்டோவில் பி விரலிடலை (கேட்பது இரண்டு கட்டையாகத்தான் இருக்கும்) ஸட்ஜமாக வைத்துக் கரகரப்பிரியா. ஏறும் இரண்டு ஆவர்த்தனத்துக்கு சி. முதல் மாதம் பதிவின் வேகத்தில் ஊத விடாதீர்கள். போனில் வேகத்தைப் பாதியாக்கி, சுருதி மாறாத செயலியில் போட்டுக் கொடுங்கள்.