இறக்குமதியால் தறி நின்றால் யாரிடம் கேட்பது?

கேள்வி: கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஒரு கைத்தறி நிலையத்தில் 14 வருடங்களாகச் சாரன் (கைலி) நெய்து வருகிறேன். வயது 46. நெய்யும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. கடந்த நோன்புப் பெருநாள் வரை 17 பேர் வேலை செய்தோம். பெருநாள் முடிந்த கையோடு 5 பேரை நிறுத்தினார்கள், பிறகு 3 பேரை. இப்போது 9 பேர் மிஞ்சியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் விசைத்தறிச் சாரன் பாதி விலைக்குக் கிடைப்பதால் கடைக்காரர்கள் எங்கள் சரக்கை எடுப்பதில்லை என்றும் அடுத்த மாதத்தோடு நிலையத்தை மூடப்போவதாகவும் முதலாளி சொல்கிறார். ஒரு கடிதத்தில் கையொப்பமிடும்படி எல்லோரிடமும் கேட்கிறார். இருவர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர் எங்களுக்குச் சாச்சா (சித்தப்பா) முறையானவர், அவரும் கடன்பட்டுத்தான் இருக்கிறார். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பிடித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, இறக்குமதியால் வேலை போனால் அங்கே அரசாங்கமே உதவிப் பணம் கொடுக்கும் என்கிறான். அப்படி ஒன்று நம் நாட்டிலும் உண்டா? – பெயர் வேண்டாம், மருதமுனை.

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம், அது மட்டும் காத்திருக்காது. நீங்கள் அனுப்பியிருக்கும் பிரதியில் இரண்டே வாக்கியங்கள் உள்ளன: "எனது சொந்த விருப்பத்தின் பேரில் தொழிலிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்கு வரவேண்டிய கொடுப்பனவுகள் எதுவும் பாக்கி இல்லை." நீங்கள் விரும்பி விலகவில்லை, பாக்கியும் தீர்க்கப்படவில்லை. இரண்டு வாக்கியங்களும் உண்மைக்கு மாறானவை என்பதால், உறவுக்காகக்கூட அதில் கையொப்பம் வைக்கத் தேவையில்லை.

உங்கள் தம்பி சொன்னது கற்பனை அல்ல. அமெரிக்காவில் 1962 ஆம் ஆண்டு ஜனாதிபதி கென்னடியின் காலத்தில் நிறைவேறிய வர்த்தக விரிவாக்கச் சட்டத்தோடு இந்த உதவித் திட்டம் பிறந்தது. இறக்குமதிக்குக் கதவைத் திறப்பதால் நாடு முழுவதும் பயனடைகிறது என்றால், அதனால் வேலை இழக்கும் சிலருக்கு நாடுதான் ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் நியாயம். ஒரே தொழிலகத்தைச் சேர்ந்த மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தாலே மனுக் கொடுக்கலாம். வேலை போனதற்கு இறக்குமதி ஒரு முக்கிய காரணம் என்று அந்நாட்டுத் தொழில் திணைக்களம் விசாரித்துச் சான்றளித்தால், புதிய தொழிற்பயிற்சிக்கான செலவு, வழக்கமான வேலையிழப்புக் காப்புறுதி முடிந்த பிறகும் தொடரும் வருமான உதவி, வேலை தேடுவதற்கும் வேறு ஊருக்குக் குடிபெயர்வதற்குமான படி ஆகியவை கிடைத்தன. 50 வயதைத் தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் இடையிலான வித்தியாசத்தில் பாதியை, இரண்டு வருடங்களுக்குள் 10,000 டொலர் வரை, அரசு கொடுத்தது. அந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. பத்து விரலும் தறிக்குப் பழகிப்போன ஒருவரை ஐம்பது வயதில் கணினி வகுப்புக்கு அனுப்புவதைவிட அது மரியாதையானது.

ஆனால் அந்தத் திட்டத்தின் வரலாற்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தொடங்கிய முதல் ஏழு வருடங்களில் ஒரு தொழிலாளருக்குக்கூட அதில் உதவி கிடைக்கவில்லை. இறக்குமதியே காரணம் என்று நிரூபிக்கும் பாரம் அவ்வளவு கடுமையாக இருந்தது. 1974 இல் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் மனுக்கள் பெருமளவில் ஏற்கப்பட்டன. இப்போதோ அதன் சட்டக் காலம் முடிந்து, 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பது நின்றுவிட்டது. முன்னரே சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இதையொத்த நிதியமோ பொதுவாக 200 பேராவது வேலை இழந்திருந்தால்தான் கவனிக்கும். பதினேழு பேர் வேலை செய்த ஒரு நிலையத்துக்கு அங்கும் எளிதில் இடம் கிடைத்திருக்காது.

காரணத்தை நிரூபிப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. வாழைச்சேனைக் காகித ஆலை ஏன் ஒடுங்கியது என்று கேட்டால், இறக்குமதிக் காகிதம் என்பார் ஒருவர், யுத்தம் என்பார் இன்னொருவர், பழைய இயந்திரம் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உங்கள் சாச்சாவின் கதையும் அப்படித்தான் இருக்கும்: விசைத்தறிச் சாரன் ஒரு பங்கு, நூல் விலையும் சாய விலையும் ஒரு பங்கு, கடனுக்கான வட்டி ஒரு பங்கு.

இலங்கையில் இறக்குமதியால் வேலை இழந்தவர் என்ற காரணத்துக்காகக் கொடுக்கும் உதவித் திட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. பொதுவான வேலையிழப்புக் காப்புறுதியும் இல்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது முதலில் அடிபட்ட தொழில்களில் கைத்தறியும் ஒன்று என்பதை உங்கள் ஊரின் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 இல் வெளியான புதிய வர்த்தகக் கொள்கையில், திறந்த சந்தைக்கு ஏற்ப நிறுவனங்களும் மக்களும் தம்மை மாற்றிக்கொள்ள உதவ வேண்டும் என்று எழுதப்பட்டது. எழுதியதோடு சரி. தறியை நிறுத்திய ஒருவர் போய்ப் பெற்றுக்கொள்ளும் கொடுப்பனவாக அது வந்து சேரவில்லை.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நம் தொழிற்சட்டம் வேலை ஏன் போனது என்று உங்களிடம் நிரூபணம் கேட்பதில்லை. எத்தனை பேர் வேலை செய்தார்கள், எத்தனை வருடம் வேலை செய்தீர்கள், எப்படி நிறுத்தப்பட்டீர்கள் என்றுதான் கேட்கிறது. ஆகவே விசைத்தறிச் சாரனைப் பற்றிய பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மூன்றுக்கும் ஆதாரம் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. ஒவ்வொரு நாளும் நெய்த சாரனின் எண்ணிக்கையை எழுதி, சனிக்கிழமைகளில் முதலாளி பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கும் கொப்பி ஒன்று இருப்பதாகக் கடிதத்தின் பின்பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்களிடம் உள்ள மிகப் பெறுமதியான ஆவணம். திகதியும் எண்ணிக்கையும் கூலியும் அவருடைய கையெழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது, நீங்கள் அங்கே வேலை செய்யவில்லை என்று எவராலும் சொல்ல முடியாது. பழைய கொப்பிகளையும் தேடி எடுங்கள். நிலையத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டால், முதலில் எல்லாப் பக்கங்களையும் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். உங்கள் விடயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, தொழிலாளர்களின் ஊழியத்தை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதாயின் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதியோ வேண்டும். நிலையத்தை மூடுவதும் இதற்குள் அடங்கும். ஆனால் நிறுத்தும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. பெருநாளுக்குப் பிறகு உங்கள் நிலையத்தில் 12 பேரும் பின்னர் 9 பேருமே இருந்ததால், அடுத்த மாதம் நிறுத்தப்படும் உங்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. பெருநாள் முடிந்ததும் நிறுத்தப்பட்ட அந்த ஐவரின் நிலை வேறு. அவர்களுக்கு முந்திய ஆறு மாதமும் 17 பேர் வேலை செய்திருந்தால், சட்டம் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தும். அதன் கீழ் தீர்மானிக்கப்படும் நட்டஈடு சிறியதல்ல: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது முதல் பதினான்காவது வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று கணக்கு ஏறும். ஆனால் முறைப்பாட்டை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பெருநாள் முடிந்து எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு, இதை வாசித்த அன்றே அந்த ஐவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

உங்களுக்கு உரியது பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது சேவை வருடங்களுக்காக முதலாளி தர வேண்டிய தொகை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் சராசரியைப் பார்ப்பதில்லை. நீங்கள் விலகும் நாளுக்கு முந்திய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் போதும். பெருநாள் வரை 17 பேர் இருந்தீர்கள். ஐந்து வருடச் சேவையும் உங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. மாதச் சம்பளம் பெறாதவர்களுக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் கூலி என்பது கணக்கு. உங்கள் நாட்கூலி சராசரியாக 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 14 வருடங்களுக்கு 2,35,200 ரூபாய் வரும். விலகி 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகச் சேரும்.

ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்டாயம். துண்டுக் கூலிக்கு வேலை செய்பவருக்கும் உண்டு. தொழிலாளரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கூலியில் அவர் பிடிக்கவில்லை என்பதற்காக உங்கள் பங்கை இப்போது உங்களிடம் கேட்க முடியாது, முழுவதையும் அவரே செலுத்த வேண்டும். அதோடு முதலாளி மட்டும் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம். பெண்களுக்கு ஈபிஎப் பணம் பொதுவாக 50 வயதில்தான் கைக்கு வரும். நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் கேட்டுப் பெறலாம். இரண்டுக்கும் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

சாச்சாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நீங்கள் தயங்குவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அவருக்கும் ஒரே தடவையில் பணம் திரட்ட முடியாது. நிலுவை இவ்வளவு என்று தொழில் அலுவலகத்தில் கணக்குப் பார்த்து, எழுத்தில் வைத்து, தவணை முறையில் தர அவர் உடன்பட்டால், வழக்கு இல்லாமலே தீரலாம். சில மாமாக்களும் சாச்சாக்களும் வாய்ப்பேச்சில் நல்லவர்களாகவும் தவணையில் மறதிக்காரர்களாகவும் இருப்பதுண்டு என்பதால், எழுத்தில் என்பதை விட்டுவிடாதீர்கள்.

இறக்குமதியைத் தடுக்க வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். 2018 இல் இரண்டு சட்டங்கள் வந்தன: ஏற்றுமதி செய்யும் நாட்டில் விற்கும் வழக்கமான விலைக்கும் கீழே கொண்டுவந்து குவிப்பதற்கு எதிரான தீர்வைச் சட்டம் ஒன்று, இறக்குமதி திடீரென்று பெருகி உள்நாட்டுத் தொழிலுக்குப் பாரிய சேதம் விளையும்போது தற்காலிகத் தடுப்பு விதிக்கும் சட்டம் மற்றொன்று. இரண்டும் வர்த்தகத் திணைக்களத்தின் வழியாகச் செயற்படுவன. விண்ணப்பிக்க வேண்டியவர் தனி நெசவாளர் அல்லர். அத்துறை உற்பத்தியாளர்கள் போதிய அளவில் ஒன்றுசேர வேண்டும். மருதமுனையும் ஆரையம்பதியும் ஏனைய நெசவு ஊர்களும் சேர்ந்து கேட்டால் அதற்கு ஒரு கனம் இருக்கும். அது உங்கள் சாச்சா போன்ற முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தூக்க வேண்டிய சுமை. அதன் பலன் வரும்வரை உங்கள் அடுப்பு காத்திருக்காது.

அடுப்புக்கு என்ன வழி என்றால், அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி வேலை இழப்பைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை, குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. நிலை மாறியிருந்தால் பிரதேச செயலகத்தில் தெரிவியுங்கள். 14 வருட அனுபவத்துக்கு, வகுப்புக்குப் போகாமலே தேர்வு வைத்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் பெற முடியுமா என்று பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். கிராமியக் கைத்தொழில் திணைக்களத்தின் நெசவு நிலையங்களில் போதனாசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தத் தாள் உதவும்.

ஏற்கனவே கையொப்பமிட்ட இருவரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பணிக்கொடைச் சட்டம், தானாக விலகியவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் ஒரே விதமாகவே பொருந்தும். ஈபிஎப் நிலுவையும் விலகல் கடிதத்தால் அழிந்துபோவதில்லை. அவர்களையும் கூட்டிக்கொண்டு, கொப்பிகளோடு ஒன்பது பேருமாகத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.