அறுபது சொற்களும் ஒரு மாம்பழமும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இலக்கியம் வாசிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை வாசிப்புக் கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே படிமம், குறியீடு, தொன்மம், அங்கதம், உள்ளுறை என்று அடுக்கும்போது எனக்குப் படித்ததே மறந்துவிடுகிறது. அறுபது சொற்களைப் பொருளோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். போன மாதம் குறுந்தொகை 8ஆம் பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'நல்ல படிமம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இந்தச் சொற்களை எந்த வரிசையில் படிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நோட்டை மூடி வையுங்கள். கிழித்துவிட வேண்டாம், பிறகு தேவைப்படும். நீங்கள் மாட்டிக்கொண்ட பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே வரி.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், கையைத் தூக்கினால் தானும் கையைத் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, தன் மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

முதலில் கேட்க வேண்டியது, பேசுவது யார் என்று. அதற்குப் பழைய சொல் கூற்று. உங்கள் அறுபதில் அது இருக்கிறதோ என்னவோ, கூட்டங்களில் அதிகம் காதில் விழாத சொல். பாட்டின் கீழே உள்ள பழைய குறிப்பு, பேசுபவள் காதற்பரத்தை, அதாவது அவன் மனைவிக்கு வெளியே உறவு வைத்திருக்கும் பெண் என்கிறது. மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். இது தெரிந்ததும் கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். 'மனைவிக்கு' என்று அவள் வாயில் வரவில்லை, 'தன் புதல்வன் தாய்க்கே'. பிள்ளை பெற்றவள், அந்த மட்டும்தான் அவளுக்கு மரியாதை. என்ன குத்தல்!

அப்புறம் மாம்பழம். கண்ணாடிப் பிம்பத்துக்கு 'போல' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், அது உவமை. மாம்பழத்துக்குப் 'போல' கிடையாது. அவன் ஊரை அடையாளம் சொல்கிற சாக்கில் வந்துபோகிறது. பழம் தானாக விழுந்தது, மீன் போய்ப் பறிக்கவில்லை. 'அவனாக வந்தான், நான் வலை வீசவில்லை' என்று வழக்கைத் தன் பக்கம் முடித்துவிட்டாள். ஊர் வர்ணனைக்குள் இப்படி வாதத்தைப் பொதிந்துவைப்பதற்குத்தான் உள்ளுறை என்று பெயர். தொல்காப்பியம் அதற்கு எல்லையும் போட்டிருக்கிறது: மரம், பறவை, விலங்கு, தொழில் என்று அந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்து எதையும் எடுக்கலாம், தெய்வத்தை மட்டும் எடுக்கக் கூடாது. வயலும் வாளையும் மருத நிலத்துக்கு உரியவை, மருதத்துக்கு உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கென்று வகுத்த காதல் நிலை, ஊடல். இந்தச் சண்டை அங்கேதான் நடந்தாக வேண்டும். பாருங்கள், நிலமும் அதற்குரிய காதல் நிலையும் சேர்ந்த திணையும் வந்துவிட்டது.

நீங்கள் 'படிமம்' என்றது தப்பில்லை. பழம் விழுவதும் வாளை கவ்வுவதும் கண்ணில் தெரிகிறதே. ஆனால் புதுக்கவிதை விவாதங்களில் அதிகம் புழங்கிய அந்தச் சொல் உங்களைப் பார்க்கவைத்ததோடு நின்றுவிட்டது. பழம் ஏன் தானாக விழ வேண்டும் என்று அது கேட்கவைக்கவில்லை.

எனக்கும் இந்த வியாதி இருந்தது. கல்லூரியில் ஒரு சிறுகதையில் வந்த குடையை 'தந்தைமையின் குறியீடு' என்று பத்து நிமிடம் முழங்கினேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதையில மழை பெய்யுதா இல்லையாப்பா?" என்றார். பெய்தது. குடை மழைக்கு விரிந்தது, நின்றதும் மடங்கியது, அதற்கப்புறம் கதையில் அது வரவேயில்லை. குறியீடு என்று சொல்ல, ஒரு பொருள் தன் வேலைக்கு மேல் கொஞ்சமாவது உழைத்திருக்க வேண்டும்.

வரிசை கேட்டீர்கள். சங்கப் பாட்டுக்குக் கூற்று, திணை, உவமை, உள்ளுறை என்று போங்கள். சிறுகதைக்கும் தொடக்கம் அதே கேள்விதான், அங்கே கதைசொல்லி என்பார்கள். தொன்மம், இருண்மை (பொருள் எளிதில் பிடிபடாத தன்மை) எல்லாம் அவை இல்லாமல் பேச முடியாத ஒரு படைப்பு கையில் சிக்கும்வரை நோட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்குக் குறுந்தொகை 25ஐ எடுத்துப் போங்கள். கபிலர் பாட்டு, தலைவி கூற்று. காதலன் அவளைக் கூடிய நாளில் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கொக்கு மாதிரி ஒரு நீர்ப்பறவை, குருகு, நின்றது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அதன் கால் 'தினைத்தாள் அன்ன' என்கிறாள், அது உவமை, விடுங்கள். மீன்மேல் கண்ணாக நின்ற அந்தக் குருகு அவளுக்குச் சாட்சி சொல்லுமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.