பதில்: கடவுத்தொடரின் கடைசிச் சொல் தப்பாக இருந்தாலும் லாகின் ஆகிறது

கடவுத்தொடரை (பல சொல் சேர்ந்த பாஸ்வேர்டை) ஒப்பிடும் உங்கள் நிரல் வரியில் பிழையில்லை. கடவுத்தொடரை ஹாஷாக, அதாவது திரும்ப அவிழ்க்க முடியாத குறியீடாக, மாற்றும் பிகிரிப்ட் (bcrypt) அதன் முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். அதற்குமேல் என்ன தட்டினாலும் கண்டுகொள்ளாது. எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட், ‘கு’ 6 பைட். தமிழில் நாலைந்து சொல்லிலேயே எல்லை தாண்டிவிடும்.

சோதிக்க, 80 ஆங்கில எழுத்தில் ஒரு தொடர் வையுங்கள். 71ஆம் எழுத்தை மாற்றினால் மறுத்து, 75ஆவதை மாற்றினால் உள்ளே விட்டால் இதேதான்.

இன்னொரு ஹாஷ் முறையான ஆர்கான்2ஐடிக்கு (Argon2id) மாறிவிடுவது நல்லது. பிகிரிப்ட்டே வேண்டுமென்றால் தொடரை முதலில் ஷா-256 (எவ்வளவு நீளமானாலும் 32 பைட்டாக்கும் ஹாஷ்), பிறகு பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்தாக்கும் முறை) ஆக்கிக் கொடுங்கள். பேஸ்64 கட்டாயம்: ஷா-256 விடையின் நடுவில் சுழிய பைட் (மதிப்பு 0) வந்தால் சில லைப்ரரிகள் அங்கேயே நின்றுவிடும்.

சேமித்துள்ள பழைய ஹாஷை அடுத்த லாகினில் தானாகப் புதிய முறைக்கு மாற்றாதீர்கள். 72 பைட்டுக்கு மேலான வால்பகுதியைத் தப்பாகத் தட்டியவரின் தொடரே பதிவாகி, உரியவருக்குக் கதவு மூடிவிடும். ரீசெட் லிங்க் அனுப்புங்கள்.