பிரைட்லிங் பிரமிடுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். சசெக்ஸ் மாவட்டத்து பிரைட்லிங் கிராமத்தில், பிரமிடு கல்லறைக்குள் ஒரு பண்ணையார் தொப்பி போட்டு, ஒயின் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாராமே? நேரில் பார்க்க ஒரு நாள் போதுமா?

பதில்: போதும். ஆனால் உட்கார்ந்திருக்கும் கதையை நம்பாதீர்கள். 1982-ல் கல்லறையைச் சீரமைத்தபோது, எல்லோரையும் போல அவரையும் தரைக்கடியில்தான் புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அவர் பெயர் ஜான் ஃபுல்லர். 'மேட் ஜாக்' என்றால்தான் பலருக்குத் தெரியும். 1834-ல் இறந்தவர், 1811-லேயே தேவாலய வளாகத்தில் 25 அடி உயரப் பிரமிடைத் தனக்காகக் கட்டி வைத்துவிட்டார்.

அதைப் பார்த்துவிட்டு, வுட்ஸ் கார்னர் பக்கம் இருக்கும் சுகர் லோஃப் என்ற கூம்புக் கட்டடத்துக்குப் போங்கள். பக்கத்து ஊரான டாலிங்டனின் கூம்பு வடிவத் தேவாலயக் கோபுரம் தன் வீட்டிலிருந்தே தெரியும் என்று ஃபுல்லர் பந்தயம் கட்டினாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியவில்லை. உடனே கண்ணுக்குத் தெரியும் மேட்டில் அதே போல ஒரு கூம்பை எழுப்பிவிட்டார் என்பது ஊர்க்கதை. அந்தக் காலத்தில் சர்க்கரை கூம்புக் கட்டியாகத்தான் கடைக்கு வரும். பெயர் அதனால் வந்தது. ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களும் ஃபுல்லரின் சொத்தில் அடக்கம். அடிமை முறைக்காக அவர் நாடாளுமன்றத்திலேயே வாதாடினார். வேடிக்கை மனிதர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் வயல் பாதை சேறாக இருக்கும், நல்ல ஷூ வேண்டும். மதியத்துக்கு மேல் போடியம் கோட்டை. இடிக்க இருந்த அதை வாங்கிக் காப்பாற்றியவர் ஃபுல்லர்தான். பின்னாளில் அது, இங்கே வைஸ்ராயாக இருந்த கர்சன் கைக்குப் போனது.

லண்டன் திரும்பியதும் ஆல்பெமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தையும் பார்த்துவிடுங்கள். 1833-ல் ஃபுல்லர் கொடுத்த பணத்தில் அங்கே வேதியியல் பேராசிரியர் பதவி ஒன்று உருவானது. ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 100 பவுண்டு. பாடம் நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதில் முதலில் அமர்ந்தவர் ஒரு கொல்லரின் மகன், மைக்கேல் ஃபாரடே.