டைட்டானிக்கின் செகண்ட் ஆபீசர் லைட்டாலர்: கேள்வி பதில்

டைட்டானிக் மூழ்கியபோது உயிர் தப்பிய அதிகாரிகள் நான்கு பேர். அவர்களில் பதவியில் மூத்தவர் சார்லஸ் லைட்டாலர். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், பனிப்பாறையில் மோதும்போது பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேடையில்) இருந்தது இவர்தானா?

இல்லை. இவருடைய வாட்ச், அதாவது பொறுப்பு முறை, மாலை 6 முதல் இரவு 10 வரை. ஃபர்ஸ்ட் ஆபீசர் மர்டாக்கிடம் ஒப்படைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மோதியது 11.40க்கு. ஆனால் ஒன்பது மணி வாக்கில் கேப்டன் ஸ்மித்தும் இவரும் பனிப்பாறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று காற்றே இல்லை. அலை இருந்தால் பாறையின் அடியில் நுரை வெள்ளையாகத் தெரியும், அதற்கும் வழியில்லை. இத்தனையும் பேசினார்களே தவிர, வேகத்தைக் குறைக்கவில்லை.

கேள்வி: ஆண்களைப் படகில் ஏறவே விடவில்லையாமே? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு சண்டையே நடந்தது.

சண்டை நியாயமானதுதான். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றச் சொல்லி உத்தரவு. வலப்பக்கம் நின்ற மர்டாக், பெண்கள் கிடைக்காதபோது ஆண்களையும் ஏற்றினார். இடப்பக்கம் நின்ற இவர் 'பெண்கள் மட்டும்' என்றே எடுத்துக்கொண்டார். 65 பேர் ஏறக்கூடிய 6ஆம் எண் படகு பாதிகூட நிறையாமல் இறங்கியது. அதில் துடுப்புப் போட ஆள் போதவில்லை என்று குரல் வந்ததும், பாய்ப்படகு ஓட்டிப் பழகிய ஒரு கனடாப் பயணியை மட்டும் கயிறு பிடித்து இறங்கவிட்டார். நிறைய ஆளை ஏற்றினால் படகை இறக்கும் கருவி தாங்காதோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. இருந்தாலும் என் கணக்கில் அவர் செய்த பெரிய தப்பு இதுதான்.

கேள்வி: அப்புறம் அவர் மட்டும் எப்படிப் பிழைத்தார்?

படகில் ஏறி அல்ல. கப்பல் முன்பக்கமாக அமிழ்ந்தபோது தண்ணீரில் பாய்ந்தார். காற்றுக்குழாய் வாயிலுக்குள் பாய்ந்த தண்ணீர், அதன் கம்பி வலையோடு அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டது. உள்ளிருந்து பீறிட்ட சூடான காற்றுதான் அவரை மேலே தள்ளியது. கவிழ்ந்து கிடந்த ஒரு மடக்குப் படகு கைக்கு எட்டியது. அதன் முதுகில் ஏறக்குறைய 30 பேர். விடியும் நேரத்தில் கடல் அசையத் தொடங்கவும் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து, 'இடப்பக்கம் சாயுங்கள், நிமிருங்கள், வலப்பக்கம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விசில் ஊதி வேறு படகுகளை வரவழைத்தார். தப்பியவர்களை மீட்க வந்த கார்பேத்தியா கப்பலில் கடைசியாக ஏறியவர் அவர்தான்.

கேள்வி: விபத்து விசாரணையில் கப்பல் கம்பெனிக்குச் சாதகமாகப் பேசினாரா?

பேசினார். பிற்காலத்தில் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டமும் ஓட்டை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட எந்தக் கப்பலுக்கும் 16 படகு போதும் என்பது விதி. டைட்டானிக் 46,000 டன். 20 படகுகளில் 1,178 பேருக்கு இடம், கப்பலில் இருந்ததோ 2,200க்கும் மேல்.

கேள்வி: கேப்டன் ஆனாரா?

கடற்படையில் ஆனார். 1918இல் அவர் தலைமையில் இருந்த கேரி என்ற போர்க்கப்பல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை இடித்து மூழ்கடித்தது. பயணிகள் கப்பலில் கடைசிவரை இல்லை. உயிர் தப்பிய மற்ற மூன்று அதிகாரிகளுக்கும் அதே கதி. வேலையை விட்டுவிட்டு விடுதி நடத்தினார், கோழி வளர்த்தார்.

கேள்வி: அண்ணே, டன்கிர்க் போனது இவரேதானா?

இவரேதான், 66 வயதில். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய சிப்பாய்களை மீட்கச் சிறு படகுகளும் போயின. 1940 ஜூன் 1ஆம் தேதி, 58 அடி நீளமுள்ள சொந்தப் படகு சன்டவுனரைக் கடற்படையிடம் கொடுக்காமல் தானே ஓட்டிப் போனார். கூடவே மகன் ரோஜரும் ஒரு கடல் சாரணப் பையனும். ஏறக்குறைய 130 சிப்பாய்களை அடைத்துக்கொண்டு திரும்பினார். மேலே விமானங்கள் சுட்டுக்கொண்டிருந்தன. விமானத்தின் மூக்கு தாழும் நொடியில் சுக்கானை வெடுக்கென்று திருப்ப வேண்டும் என்பது இளைய மகன் பிரையன் சொல்லித் தெரிந்துகொண்டது. குண்டுவீச்சு விமானியான அந்தப் பையன், போர் தொடங்கிய உடனேயே, 1939 செப்டம்பரில், இறந்துவிட்டான்.