ஆப் இருந்தா கொச்சிக்கு போகவே வேணாமா?

செங்கோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்ருக்காங்க. ஆறு வயசு பொண்ணுக்கு கொச்சில கல்லீரல் மாத்தி எட்டு மாசம் ஆச்சாம், அப்பாதான் குடுத்திருக்காரு, ஆஸ்பத்திரில போன்ல ஒரு ஆப் போட்டு குடுத்தாங்களாம், காய்ச்சல், எடை, மருந்து நேரம் எல்லாம் தினமும் அதுல போடுறோம், இனியும் மாசாமாசம் பாலருவி எக்ஸ்பிரஸ்ல ஏறி அலையணுமான்னு.

அலைச்சல் குறையும்மா, ஆனா நிக்காது. ரத்தத்த தென்காசில எடுத்து ரிப்போர்ட்ட அனுப்பலாம், வயித்த தொட்டு பாக்குறதும் ஸ்கேனும் போன்ல நடக்காது. எப்பெப்ப நேர்ல வரணும்னு கொச்சி ஆஸ்பத்திரில உங்க கேஸ பாத்துக்குற கோஆர்டினேட்டர்ட்ட தேதி கேட்டு வாங்கிக்கோங்க.

எனக்கு பதறுனது வேற இடம். "எட்டு மணி அலாரம் அடிச்சதும் டாக்ரோலிமஸ் குடுத்துட்டு லேபுக்கு போவோம்"னு எழுதிருக்கீங்க. டாக்ரோலிமஸ்னா புதுக் கல்லீரல உடம்பு ஒதுக்காம இருக்க குடுக்குற மருந்து. டெஸ்ட் அன்னிக்கு மட்டும் அந்த அலாரத்த கேக்காதீங்க! ராத்திரி எட்டுக்கு குடுத்திருந்தா காலைல எட்டு வாக்குல, அடுத்த வேள மருந்து உள்ள போறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். மருந்து போனப்புறம் எடுத்தா லெவல், அதாவது ரத்தத்துல இருக்குற மருந்தோட அளவு, ஏறி காட்டும், கொச்சி டாக்டர் அத நம்பி டோஸ குறைச்சுட்டா, உடம்பு புதுக் கல்லீரல எதிர்க்குற ரிஜெக்‌ஷன்ல போய் நிக்கும். அதுக்காக அந்த வேளைய விட்றவும் கூடாது. மருந்த கைல எடுத்துட்டு போங்க, ரத்தம் எடுத்த உடனே லேப் பெஞ்சுலயே உக்கார வச்சு குடுத்துருங்க. முந்தின டோஸ் எத்தன மணிக்கு, ரத்தம் எத்தன மணிக்குன்னு ரிப்போர்ட் மேலயே பேனாவால எழுதி போட்டோ அனுப்புங்க. இத கேக்க ஆப்ல ஒரு கட்டம் வைக்க இவங்களுக்கு என்ன கஷ்டமோ, அந்த ஆப்ல தமிழும் இல்ல, படிச்சு பாருன்னா அம்மா எங்க போவா?

அப்புறம் வாட்ஸப்ல ஒரு ஆளு மெசேஜ் பண்றாருன்னும் எழுதிருக்கீங்க. மாசாமாசம் பணம் கட்டுனா டாக்டர் லைன்ல வருவாரு, மருந்து பாதி விலைல வீட்டுக்கே வரும்ங்கிறாராமே. பிளாக் பண்ணுங்க. டாக்ரோலிமஸ்ல கம்பெனி மாறுனாலே லெவல் மாறலாம், உங்க டாக்டர் சொல்லாம மாத்தவே கூடாது, மாத்துனா திரும்ப லெவல் பாக்கணும். வீடியோல டாக்டர பாக்கத்தான் அரசாங்க ஈசஞ்சீவனி காசில்லாம இருக்கே, இவருக்கு எதுக்கு கமிஷன்? அங்க பேசுனாலும் கல்லீரல் மாத்துன புள்ளைன்னு மொதல்லயே சொல்லிருங்க, கிளாரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக், ஃப்ளூகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து மாதிரி சிலது டாக்ரோலிமஸ் அளவ ஏத்தி விட்ரும்.

காய்ச்சல் 100.4 தொட்டாலோ, மருந்த வாந்தி எடுத்தாலோ, கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ ஆப்ல மெசேஜ் போட்டுட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க, நேரா கால் பண்ணுங்க. புளியரை மலைப்பக்கம் டவர் வந்து வந்து போகும், ஆஸ்பத்திரி நம்பர ஃபைல் அட்டைலயும் எழுதி வைங்க.